மூன்றாவது இடம் காலியாக இருந்தால் மட்டும்

“ஏழு நாள்னு எழுதியிருக்கேன். இன்னைக்கு ஏழாவது நாள்.”

“எட்டாவது நாள் வந்தா வேன் வெடிச்சிடுமா?”

“வெடிக்காது. தரை பிஞ்சு விழும்.”

“ரெண்டு வருஷமா விழாத தரை, உன் அட்டையைப் பாத்துட்டுத்தான் விழப்போகுதா?”

மாடி ஜன்னல் ஓரம் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு, கீழே வேன் நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. காலை ஏழு மணி. மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்தது. அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் வேனைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

“வெல்டிங் கடைல என்ன சொன்னான்?” என்றாள் அக்கா.

“பதினஞ்சாம் தேதிக்கு மேல வரச் சொல்றான். அவனுக்கு ஒரு பெரிய வேலை வந்திருக்காம்.”

“ஊர்ல அவன் ஒருத்தன்தான் வெல்டரா?”

“வேனோட தரையை அறுத்து மாத்தறவன் அவன் ஒருத்தன்தான். மத்தவனெல்லாம் கேட் அடிக்கிறவன். உனக்குத் தெரியாததா?”

அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் எரிச்சல் இன்னும் கூடியது.

“சரி. அதுவரைக்கும் மூணாவது இடம்?”

“காலியாத்தான் ஓடுது.”

சொல்லிவிட்டுத் தம்பி தோளில் கிடந்த துண்டை எடுத்து சைடு கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான். மழை தூறிக்கொண்டிருக்கும்போது கண்ணாடியைத் துடைப்பவனை என்ன சொல்வது. சின்ன வயதிலிருந்தே பொய் சொன்னால் அவன் கை எதையாவது துடைக்கும். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

மேலிருந்து அம்மாவின் குரல் வந்தது. “நீ சரின்னு சொல்லித்தானே அட்டையைக் குடுத்த? குடுத்துட்டு எதுக்குக் காலங்காத்தால அவனைப் போட்டு வறுத்தெடுக்கற?”

“சரின்னு மட்டும் சொல்லலம்மா. அதுக்குக் கீழ ஒரு வரி எழுதியிருக்கேன்.”

“உன் வரி எங்களுக்கு இன்னைக்கு நேத்தா தெரியும்,” என்றாள் அம்மா.

தம்பி சிரித்தான். அப்போது தம்பி மனைவி படியிறங்கி வந்தாள். சக்கர நாற்காலிகளைக் கட்டும் பெல்ட்டுகள் வலது தோளில் தொங்கின. இடது கையை மடக்கிச் சால்வைக்குள் வைத்திருந்தாள். “குளிருது அண்ணி,” என்றாள், யாரும் கேட்காமலேயே.

போன வாரத்தை விட்டவர்களுக்கு நாலு வரி.

அக்கா வாகனப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். குழிக்குள் இறங்கி நின்று, தலைக்கு மேல் வந்து நிற்கும் வண்டியைச் சின்ன சுத்தியலால் தட்டிப் பார்ப்பது வேலை. பதினோரு வருஷமாகத் தட்டுகிறாள். நல்ல இரும்பு ‘டங்’ என்னும். துருப்பிடித்தது ‘டொப்’ என்னும்.

தம்பி ஓட்டுவது நோயாளிகளை ஏற்றிப்போகும் வேன். நடக்க முடியாத மூன்று பேரை, வாரத்தில் மூன்று நாள், நாற்காலியோடு ஏற்றி டயாலிசிஸ் நிலையத்தில் கொண்டுபோய் விட்டு, முடிந்ததும் திரும்ப வீட்டில் சேர்க்க வேண்டும். தரையில் பதித்த இரும்புப் பட்டையில் பெல்ட் மாட்டி நாற்காலியைக் கட்டுவது அவன் மனைவியின் வேலை. மூன்று நாற்காலிக்கு மூன்று இடம். கடைசி இடம், முன்பு தையற்கடை வைத்திருந்த டெய்லரம்மாவுக்கு. நாற்காலிகள் ஏறும் பக்கவாட்டுக் கதவைத் தாண்டி, பின்கதவை ஒட்டிய மூன்றாவது இடத்தில்தான் தரை ‘டொப்’ என்றது.

பரிசோதிப்பவர் தன் உறவுக்காரர் வண்டியைத் தானே பரிசோதிக்கக் கூடாது என்பது நிலையத்தின் சட்டம். அன்றைக்குப் பக்கத்துக் குழியில் ஆள் இல்லை. தம்பி வரிசையில் நின்று கும்பிட்டான். அக்கா இறங்கிப் பார்த்தாள்.

அந்த நிலையத்தில் மூன்று நிற அட்டை உண்டு. பச்சை என்றால் ஓடலாம். சிவப்பு என்றால் ஓடக் கூடாது. நடுவில் மஞ்சள். அதில் ‘தகுதி உண்டு’ என்று அச்சடித்து, அதை அடுத்து ‘புரொவைடட்’ என்று ஒரு ஆங்கில வார்த்தை இருக்கும். அதற்குக் கீழே ஒரு வெற்றுக் கோடு. இன்னது நடந்தால் மட்டுமே மேலே சொன்ன தகுதி செல்லும், நடக்காவிட்டால் செல்லாது என்று அர்த்தம். அந்த ‘இன்னது’ என்ன என்பதைப் பரிசோதிப்பவர் கோட்டில் எழுத வேண்டும். பல்பு, வைப்பர், கண்ணாடி மாதிரி சின்ன விஷயங்களுக்குத்தான் மஞ்சள். தரை உளுத்துப்போனால் சிவப்பு.

அக்கா மஞ்சளை எடுத்தாள். கோட்டில் எழுதினாள்: ‘மூன்றாவது இடம் காலியாக இருந்தால் மட்டும். ஏழு நாளில் தரை மாற்ற வேண்டும்.’

அத்தனைதான் நடந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரமாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏழாவது நாளான அன்றைக்கு, பரிசோதனை நிலையத்துக்குள் நுழைந்ததுமே சூப்பர்வைசர் பிடித்துக்கொண்டார்.

“மேடம், உங்க மஞ்ச அட்டை எத்தனை நிலுவைல இருக்கு?”

“ஒம்பது சார். எட்டு முடிஞ்சுது. ஒண்ணு பாக்கி.”

“நாலு மணிக்குள்ள லிஸ்ட்டை மூடிடுங்க. மேலருந்து கேக்கறாங்க. மஞ்ச பாஸ் ஏன் இவ்வளவுன்னு.”

மஞ்ச பாஸ். டிரைவர்கள் வைத்த பெயர் அது. இப்போது சூப்பர்வைசரே அப்படித்தான் சொல்கிறார்.

“அது பாஸ் இல்ல சார்,” என்றாள் அக்கா.

“வண்டி ஓடுதா இல்லையா? ஓடினா பாஸ்தான்.” அவர் போய்விட்டார்.

குழிக்குள் நின்றபடி அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷத்தில் எத்தனை மஞ்சள் அட்டை கொடுத்திருப்பாள். கையில் வாங்கும் ஆள் ‘தகுதி உண்டு’ வரை படிப்பான். முகம் மலரும். மடித்துப் பையில் போடுவான். அந்த ஆங்கில வார்த்தைக்குக் கீழே இவள் குனிந்து எழுதியது என்ன என்று ஒருத்தனாவது அங்கேயே நின்று படித்ததுண்டா? ஒரே ஒரு ஆள் கேட்டிருக்கிறான். அவனும் கையெழுத்து புரியவில்லை என்றுதான் கேட்டான்.

பன்னிரண்டே காலுக்கு போன் சத்தமிட்டது. தம்பி ஒரு படம் அனுப்பியிருந்தான். வேனின் உள்பக்கம். தரை முழுக்கப் புத்தம் புது கறுப்பு ரப்பர் விரிப்பு. கீழே ஒரு வரி: ‘தரை ஓகேக்கா. அட்டையை மூடிடு.’

காலை ஏழு மணிக்குப் பதினைந்தாம் தேதி என்றவன், பன்னிரண்டு மணிக்கு ஓகே என்கிறான்.

படத்தைப் பெரிதாக்கினாள். விரிப்பு நன்றாகத்தான் இருந்தது. முதல் இடத்தில் இரண்டு ஈரக் கோடுகள். மழையில் நனைந்த நாற்காலிச் சக்கரத்தின் தடம். இரண்டாவது இடத்திலும் இரண்டு. பின்கதவை ஒட்டிய மூன்றாவது இடத்திலும் இரண்டு ஈரக் கோடுகள்.

காலியாக ஓடும் இடத்தில் சக்கரத் தடம் எங்கிருந்து வரும்?

அவள் சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டாள். “சாப்பாட்டுக்குப் போறேன் சார்,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். சாப்பாட்டு டப்பா மேசை மேலேயே இருந்தது.

டயாலிசிஸ் நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தில் தம்பி மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். சால்வையை எடுத்துவிட்டிருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கி, கையில் ஒரு ஐஸ் பொட்டலம். நர்ஸ் யாரோ கொடுத்திருக்க வேண்டும்.

அக்காவைப் பார்த்ததும் கையை மறைக்கப் போனாள். பிறகு, ‘போகட்டும்’ என்பது போல விட்டுவிட்டாள்.

“என்ன கை இது?”

“ஒண்ணுமில்ல அண்ணி. சுளுக்கு.”

“மூணாவது இடத்துல யாரு வந்தா?”

தம்பி மனைவி உள்ளே மெஷின்கள் இருந்த பக்கம் பார்த்தாள்.

“டெய்லரம்மாவா?”

“அவங்களை விட்டுட்டு வர முடியுமா அண்ணி?” தம்பி மனைவியின் குரல் தணிந்தே இருந்தது. “பன்னெண்டு மணிக்கு மூணு பேரும் மெஷின்ல இருக்கணும். ரெண்டு தடவை ஓட்டினா அவங்க வர ஒரு மணி ஆகும். இடத்தை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவாங்க. ஒரு நாள் தவறினாலே அவங்களுக்கு மூச்சு வாங்கும்.”

“அந்தப் பட்டைல பெல்ட்டை மாட்டி, அந்தத் தரை மேல…”

“பெல்ட் மாட்டறதில்ல.”

அக்காவுக்குப் புரியவில்லை.

“நீங்க அட்டைல எழுதின நாள்லேருந்து எங்களுக்கே அந்தப் பட்டை மேல நம்பிக்கை இல்ல. அதனால நாற்காலியைக் கொஞ்சம் முன்னால தள்ளி வச்சு, நான் பின்னால நின்னு பிடிச்சுக்கறேன். திருப்பம் வந்தா உடம்பால முட்டுக் குடுப்பேன். போன சனிக்கிழமை ஒரு நாய் குறுக்க வந்துச்சு. அவர் பிரேக் போட்டார். நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவுல கை மாட்டிக்கிச்சு.”

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“எண்ணெய் தேய்ச்சு விட்டதே அத்தைதான்.”

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. உள்ளே வரிசையாக மெஷின்கள் சத்தமிட்டன. அக்காவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம்.

“நான் தெளிவா எழுதியிருந்தேனே. காலியா இருந்தா மட்டும்னு. ஒரு வீட்டுல ஒருத்தருக்குக் கூடவா படிக்கத் தெரியாது? நான் என்ன சுவத்துக்கா சொல்றேன்? சரின்னு சொல்றது மட்டும் கேக்குது, அதுக்கு அடுத்தது கேக்கறதில்ல. எனக்கு வயசு நாப்பத்தி ஆறு. நாப்பத்தி ஆறு வருஷமா இதே கதை.”

தம்பி மனைவி ஐஸ் பொட்டலத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள்.

“ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“சொல்லு.”

“உங்க தம்பி போன்ல உங்க நம்பரை என்ன பேர்ல வச்சிருக்கார் தெரியுமா? கண்டிஷன் அக்கா.”

அக்கா சுத்தியல் இருந்த பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

“நாங்க கல்யாணமாகி முன் ரூம்ல தங்கறதுக்கு சரின்னீங்க. தினமும் காலைல அத்தையை நடக்கக் கூட்டிட்டுப் போனா மட்டும்னு சொன்னீங்க. ரெண்டு வாரம் போனோம். நின்னுடுச்சு. நீங்க ரூமைக் காலி பண்ணச் சொல்லல. நீங்களே அத்தையைக் கூட்டிட்டுப் போனீங்க. கடன்ல வேன் எடுக்கறதுக்கு உங்க ஜாமீன் கையெழுத்து கேட்டார். வாரத்துல ஒரு நாள் ஓட்டக் கூடாதுன்னு சொல்லித்தான் போட்டீங்க. அவர் மத்த நாள்லயும் வேற ஆளுங்களை ஏத்தி ஏழு நாளும் ஓட்டினார். நீங்க ஞாயித்துக்கிழமை அவருக்கு டீ போட்டுக் குடுத்து அனுப்பினீங்க.”

“அதுக்கு என்ன பண்ணியிருக்கணும்கற?”

“தெரியல அண்ணி. ஆனா ஒரு தடவையாவது சொன்ன சரியைத் திருப்பி எடுத்துக்கிட்டிருக்கீங்களா? எடுத்துக்கிட்டிருந்தா அடுத்த தடவை எங்க காதுல ரெண்டாவது பாதியும் விழுந்திருக்கும். நாங்க அதை உங்க பேச்சு வழக்கம்னு நெனச்சுட்டோம். சிலர் வாய்க்கு வாய் ‘என்ன நாஞ் சொல்றது’ம்பாங்கல்ல, அந்த மாதிரி.”

குற்றம் சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. வலியில் இருப்பவள் சுற்றி வளைக்காமல் பேசினாள், அவ்வளவுதான். அதனாலேயே அக்காவுக்கு அது இன்னும் ஆழமாகத் தைத்தது.

“வேன் சாவி உன்கிட்ட இருக்கா?”

வேன் கட்டடத்துக்குப் பின்னால் நின்றது. முன்சீட்டில் தம்பி துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினான். அக்கா சத்தமில்லாமல் பின்கதவைத் திறந்தாள். புது விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, சுத்தியலின் கைப்பிடியால் லேசாக அழுத்தினாள்.

‘டொப்’ என்றுகூடக் கேட்கவில்லை. கைப்பிடி அப்படியே உள்ளே போயிற்று. எடுத்தபோது அந்த ஓட்டை வழியாகக் கீழே சிமெண்ட் தரையில் தேங்கிய மழைத்தண்ணீர் தெரிந்தது.

தம்பி லேசாகக் குறட்டை விட்டான்.

மணி மூன்றேகால். சூப்பர்வைசர் அறை.

“சார், அந்த ஒம்பதாவது அட்டை. அது என் தம்பி வண்டி.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “இதை ஏன் இப்ப சொல்றீங்க?”

“அன்னைக்கே சொல்லியிருக்கணும். அதுவும் இல்லாம அது மஞ்சள் இல்ல சார். சிவப்பு. தரை ஓகேன்னு போட்டோ அனுப்பியிருக்கான். ஆனா தரை போயிடுச்சு. அதுல ஆள் ஏத்தறாங்க.”

“மேடம், நாலு மணிக்கு லிஸ்ட் போகுது. தரை மாத்தியாச்சுன்னு போட்டோ வந்திருக்குன்னீங்களே, அதை வச்சு மூடுங்க. அப்புறம் உங்க தம்பியைத் தனியா சரி பண்ணிக்கச் சொல்லுங்க. வீட்டு விஷயத்தை ஏன் ஆபீஸ்ல கொண்டுவந்து கொட்டறீங்க?”

“நான்தான் சார் முதல்ல ஆபீஸை வீட்டுக்குக் கொண்டுபோனேன்.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கெட்டவர் இல்லை. இன்னும் எட்டு மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர். வம்பு வேண்டாம் என்பது மட்டும்தான் அவர் கவலை.

“சிவப்பு போட்டா நான் மேல எழுதணும். சொந்தக்காரர் வண்டியை நீங்க எப்படிப் பாத்தீங்க, மஞ்சளை ஏன் குடுத்தீங்கன்னு கேப்பாங்க. உங்களைக் குழியிலேருந்து எடுத்து வாசல்ல டோக்கன் குடுக்க உக்கார வைப்பாங்க. அதுக்கு மேலயும் போகலாம். யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன்.”

“நாளைக்குள்ள விளக்கம் எழுதிக் குடுங்க.” கொஞ்சம் நிறுத்தி, “கீழ கண்டிஷன் எதுவும் எழுதாதீங்க,” என்றார். அது கிண்டலா வருத்தமா என்று தெரியவில்லை.

அக்கா சிவப்பு அட்டையை எடுத்து முத்திரை குத்தினாள். அதில் கோடு கிடையாது. எழுத ஒன்றுமில்லை. ‘தகுதி இல்லை’ என்று மட்டும்தான். எவ்வளவு சின்ன வேலை இது, இதற்காகவா ஒரு வாரம், என்று இருந்தது.

சிவப்பு அட்டையை ஓட்டுநர் கையில் நேரில் கொடுத்து, முன்கண்ணாடியில் ஒட்டிய ஸ்டிக்கரை உரித்து எடுக்க வேண்டும் என்பது முறை. வேறு யாரையாவது அனுப்பட்டுமா என்று சூப்பர்வைசர் கேட்டார். அக்கா வேண்டாம் என்றாள்.

நாலரை மணிக்கு டயாலிசிஸ் நிலைய வாசலில் மூன்று நாற்காலிகள் வரிசையாக நின்றன. சிகிச்சை முடிந்த களைப்பில் மூன்று பேருக்கும் தலை தொங்கியிருந்தது. தம்பி சாய்வுப் பலகையை இறக்கிக்கொண்டிருந்தான்.

“அதை மேல ஏத்து,” என்றாள் அக்கா. அட்டையை நீட்டினாள்.

அவன் நிறத்தைப் பார்த்தான். படிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

“என்னக்கா இது?”

“போன வாரம் குடுத்திருக்க வேண்டியது.”

“நீ சரின்னு சொன்ன.”

“சொன்னேன். அதுக்கு ஒரு கண்டிஷன் இருந்துச்சு. நீ கேக்கல. சரியைத் திருப்பி எடுத்துக்கறேன்.”

“இப்படித் திடீர்னு கழுத்தை அறுப்பியா? ஒரு வார்த்தை போன் பண்ணியிருக்கக் கூடாதா?”

“காலைல கேட்டேன். கண்ணாடியைத் துடைச்ச.”

அவன் முகம் சிவந்தது. நாற்காலிகளைக் காட்டினான். “சரி, நீ ரூல்ஸ் பேசிட்ட. இந்த மூணு பேரை யாரு வீட்டுல விடுவா? உன் சிவப்பு அட்டையா? உன் சூப்பர்வைசரா? ரூல்ஸ் பேசறது ஈசிக்கா. அந்த அம்மாவை மாடியிலேருந்து நாற்காலியோட தூக்கி இறக்கிப் பாரு, தெரியும்.”

அவன் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அவனும் இந்த ஒரு வாரம் மூன்று பேரில் யாரை விடுவது என்று தெரியாமல்தான் தவித்திருக்கிறான்.

அவள் முன்கண்ணாடி ஸ்டிக்கரை உரித்தாள். பாதியில் கிழிந்து, மீதி ஒட்டிக்கொண்டது. நகத்தால் சுரண்டினாள். தம்பி பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு எதுவும் சொல்லாமல் திரும்பி, தெருவில் இறங்கி நடந்து போய்விட்டான். மனைவி கூப்பிட்டும் திரும்பவில்லை.

டயாலிசிஸ் நிலையத்து வண்டி ஒன்று கெஞ்சிக் கூத்தாடியதில் கிடைத்தது. அதில் இரண்டு நாற்காலிக்குத்தான் இடம். தம்பி மனைவி ஒற்றைக் கையால் அவர்களை ஏற்றிவிட்டு அவர்களோடு போனாள். மிஞ்சியது டெய்லரம்மா.

அக்காவின் போன் அடித்தது. அம்மா.

“என்னடி பண்ணி வச்ச? அவன் போன்ல ஒரு மாதிரி பேசறான். உன் கூடப் பொறந்தவன்தானே அவன்?”

“அவன் பொண்டாட்டி கைல எண்ணெய் தேய்ச்சியேம்மா, அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?”

அம்மா, “சொன்னா நீ கத்துவ,” என்றாள்.

“கத்துவேன். அதுக்கப்புறம்?”

“அதுக்கப்புறம் விட்டுடுவ. எதுக்கு வீணா கத்த விடணும்னு இருந்துட்டேன்.”

அக்கா போனை வைத்துவிட்டு நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள்.

டெய்லரம்மா வீடு நான்கு பஸ் நிறுத்தம் தள்ளி. நடைபாதை பத்தடிக்கு ஒரு முறை உடைந்து கிடந்தது. நாற்காலியின் ஒரு சக்கரம் இடது பக்கமே இழுத்தது. இரண்டாவது நிறுத்தம் வருவதற்குள் அக்காவுக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

“திட்டணும்னா என்னையும் திட்டு,” என்றாள் டெய்லரம்மா, கண்ணைத் திறக்காமலே. “காலியா ஓடணும்னு உன் தம்பி வந்து சொன்னான். நான்தான் அழுதேன். ஒரு நாள் விட்டா எனக்குப் படுக்க முடியாதுப்பா, உக்காந்தே விடியணும்னு சொன்னேன். அவன் பொண்டாட்டிதான் நான் பிடிச்சுக்கறேன்னா.”

“தெரியாம எழுதிட்டேன்,” என்றாள் அக்கா.

“என்னத்தை?”

“காலியா இருந்தா மட்டும்னு. அந்த இடத்துல உக்காரறது யாருன்னு யோசிக்காம எழுதிட்டேன்.”

“யோசிச்சிருந்தா என்ன எழுதியிருப்ப?”

அக்கா ஒரு மேட்டில் நாற்காலியை ஏற்றிவிட்டு மூச்சு வாங்கினாள். “சிவப்புதான். ஆனா அதைக் கைல குடுத்துட்டு, உங்களை எப்படிக் கூட்டிட்டுப் போறதுன்னு அவனோட உக்காந்து பேசியிருப்பேன்.”

“ம்,” என்றாள் டெய்லரம்மா. “இருபத்தஞ்சு வருஷம் தைச்சேன். துணி குடுக்கறவங்கல்லாம் வெள்ளிக்கிழமை வேணும்பாங்க. லைனிங் துணி புதனுக்குள்ள வந்தா சரிம்பேன். துணி வராது. வெள்ளிக்கிழமை மட்டும் டாண்ணு வந்து நிப்பாங்க. மொத ரெண்டு வருஷம் லைனிங்கை நானே போட்டுத் தைச்சுக் குடுத்தேன். அப்புறம் ஒரு நாள் தைக்காம சும்மா உக்காந்திருந்தேன். அந்த அம்மா நடுக்கடைல நின்னு கத்தினா. ஆனா அதுக்கப்புறம் செவ்வாய்க்கிழமையே துணி வந்துடும்.”

“எனக்குத் தாமதமாயிடுச்சு.”

“ஆமா. நல்லாவே தாமதம்.”

வீடு வர ஐம்பத்தைந்து நிமிஷம் ஆனது. மாடிப்படி பதினான்கு. கீழ்வீட்டுக்காரரும் அவர் மகளும் வந்து தூக்கினார்கள். அக்கா முன்பக்கம் பிடித்தாள். தம்பி சொன்னது சரிதான். தூக்கிப் பார்த்தால்தான் தெரிகிறது.

கட்டிலில் உட்கார வைத்ததும் டெய்லரம்மா கேட்டாள். “வியாழக்கிழமை என்ன பண்ணப் போறேன்?”

“நான் வந்து தள்ளிட்டுப் போறேன். பதினொண்ணுக்கெல்லாம் கிளம்பிடலாம்.”

“வேலை?”

“லீவு போடறேன். என்னையே வேலைல வச்சிருப்பாங்களான்னு தெரியல.”

சொல்லிவிட்டு அக்கா தன்னையே கவனித்தாள். வாழ்க்கையில் முதல் முறையாகக் கீழே ஒரு வரியும் சேர்க்காமல் ஒரு சரி சொல்லியிருக்கிறாள்.

“சரி,” என்றாள் டெய்லரம்மா. “ஆனா ஒரு கண்டிஷன்.”

“என்ன?”

“உன் தம்பியும் வரணும். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவன். அவன் வரலன்னா நான் நாற்காலில உக்கார மாட்டேன்.”

“உக்காரலன்னா உங்களுக்குத்தானே கஷ்டம். விளையாடாதீங்க.”

“எனக்குத்தான் கஷ்டம். உங்க ரெண்டு பேரையும் சேத்து நிறுத்த எங்கிட்ட வேற எதுவும் இல்ல. அவன்கிட்ட அப்படியே சொல்லு. நான் உன்னை மாதிரி இல்லம்மா. சொன்னா சொன்னதுதான்.”

கண்ணை மூடிக்கொண்டாள்.

படியில் நின்று அக்கா தம்பிக்கு போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எங்கோ ஒரு தெருவில், அவன் கையில் ‘கண்டிஷன் அக்கா’ என்று ஒளிர்ந்துகொண்டிருக்கும். அவன் எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

செய்தி தட்டினாள். ‘வியாழன் பதினோரு மணி. டெய்லரம்மா வீடு. நீ வந்தா மட்டும்தான் அவங்க வருவாங்களாம். இது என் கண்டிஷன் இல்ல, அவங்களோடது. விட்டுடறதுக்கு எனக்கு உரிமை இல்ல.’

அவன் படித்துவிட்டதற்கு அடையாளம் வந்தது. பதில் வரவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் வீட்டிலும் ‘சரி’ மட்டும் காதில் விழுந்து, அதோடு சொன்ன நிபந்தனை காற்றில் போயிருக்கும். அப்போது நீங்கள் சொன்ன சரியைத் திருப்பி எடுத்தீர்களா, இல்லை இவளைப் போல டீ போட்டுக் கொடுத்து அனுப்பினீர்களா? தம்பி வியாழக்கிழமை வந்து நாற்காலியின் மறுபக்கத்தைப் பிடிக்க வேண்டுமென்றால், அக்கா முதலில் அவனிடம் என்ன சொல்ல வேண்டும்? ஒரு அஞ்சலட்டையில் நாலு வரி போதும். எழுதி அனுப்புங்கள், ஒவ்வொன்றையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன்.